கையெழுத்திட்டவர்கள் விடுவிக்கவில்லை

அடிமை முறையை ஒழித்தது பிரிட்டன் என்ற நம்பிக்கை உலகெங்கும் வேரோடியிருக்கிறது. 1807, 1833 என்ற இரண்டு ஆண்டுகளும் வில்பர்ஃபோர்ஸ் என்ற ஒரு பெயரும் நினைவில் இருந்தால் போதும், கதையைச் சொல்லி முடித்துவிடலாம். லண்டனில் சட்டம் நிறைவேறியது, பிற நாடுகளோடு ஒப்பந்தங்கள் போடப்பட்டன, கடற்படை ரோந்து போனது, ஆப்பிரிக்கர்கள் விடுதலை பெற்றார்கள். காலனி ஆட்சியைக் கடுமையாகச் சாடுகிறவர்கள்கூட இந்த ஒரு காரியத்தை மட்டும் அதன் நற்கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இந்தக் கதை ஹவானா துறைமுகத்தில் செல்லுபடியாகாது. கியூபாவில் ஒப்பந்தம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பிரிட்டிஷ் நீதிபதி இருந்தார், தூதர் இருந்தார். சட்டப்படி சுதந்திர மனிதர்களான ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அத்தனைக்கும் நடுவில்தான் அடிமைகளாக அந்தத் தீவில் இறக்கப்பட்டார்கள். அவர்களுக்காக உண்மையாகவே வாதாடிய தூதர்கள் ஓரிருவர். அவர்களையும் சொந்த அரசாங்கமே கைவிட்டது.

1817 செப்டம்பரில் பிரிட்டனும் ஸ்பெயினும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1820 மே 30-க்குப் பிறகு ஸ்பானியர் எவரும் ஆப்பிரிக்கக் கரையில் எங்கும் மனிதர்களை வாங்கக் கூடாது. இதற்கு ஈடாக பிரிட்டன் 4 லட்சம் பவுண்டை ஸ்பெயினுக்குக் கொடுத்தது. பிடிபடும் கப்பல்களை விசாரிக்க சியரா லியோனின் ஃப்ரீடவுனிலும் ஹவானாவிலும் கூட்டு நீதிமன்றங்கள் அமைந்தன. இரு நாட்டுக்கும் ஆளுக்கொரு நீதிபதி, ஆளுக்கொரு நடுவர். நீதிபதிகளுக்குள் கருத்து ஒத்துப்போகாவிட்டால் எந்த நடுவர் தீர்ப்பில் பங்கேற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். ஒரு கப்பல் நிறைய மனிதர்களின் தலைவிதி அந்தச் சீட்டில் தொங்கியது.

ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. நீதிமன்றத்தின் அதிகாரம் கடலோடு நின்றது. கப்பல் பிடிபட்டால்தான் வழக்கு. இரவோடு இரவாக ஒரு சிற்றோடை முகத்தில் ஆட்களை இறக்கிக் கரும்புத் தோட்டத்துக்கு ஓட்டிச் சென்றுவிட்டால், அதற்குப் பிறகு “இவர் எப்போது, எங்கிருந்து வந்தார்?” என்று கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. கரையில் கால் வைத்த கணத்தில் குற்றம் சொத்தாக மாறிவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று கியூபாவின் தலைமை ஆளுநருக்குப் பொன் நாணயம் போய்ச் சேர்ந்ததைத் துறைமுகமே அறிந்திருந்தது. மாட்ரிட் அரசுக்கும் இது தெரியாத செய்தியில்லை. சர்க்கரை வருமானத்தை இழக்க அது தயாராக இல்லை.

பிடிபட்ட கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது? இந்தக் கேள்விக்கான விடைதான் ‘ஒப்பந்தம் விடுவித்தது’ என்ற நம்பிக்கையை அடியோடு சாய்க்கிறது. அவர்களை எமான்சிபாடோக்கள், அதாவது விடுவிக்கப்பட்டவர்கள் என்று பதிவேட்டில் எழுதினார்கள். கழுத்தில் ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் ஒரு சான்றிதழும் தொங்கின. பிறகு கியூப அரசு அவர்களைத் தனியாரிடமும் பொதுப்பணிகளுக்கும் வாடகைக்கு விட்டது. ஐந்தாண்டு காலம், ‘பயிற்சி’ என்ற பெயரில். ஐந்தாண்டு முடிந்ததும் இன்னோர் ஐந்தாண்டு. அது முடிந்ததும் மறுபடியும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் கட்டணம் வசூலானது. சாலை போட்டார்கள், தண்ணீர் சுமந்தார்கள், செல்வர் வீடுகளில் சமைத்தார்கள். ஸ்பானியப் பேரரசின் முதல் ரயில் பாதை ஹவானாவுக்கு அருகே 1837-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர்களிலும் இவர்கள் உண்டு. அந்த ரயிலுக்கான கடனைத் தந்தது லண்டன் பணச்சந்தை.

சொந்த அடிமையை விட எமான்சிபாடோவின் நிலை மோசமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கிய ஆள் செத்தால் முதலாளிக்கு நட்டம். வாடகை ஆள் செத்தால் அவனுக்கு ஒன்றுமில்லை. ஆகவே உயிர் போகும்வரை வேலை வாங்கலாம். இதைவிடக் கொடிய வழக்கம் ஒன்றும் இருந்தது. தோட்டத்தில் ஓர் அடிமை இறந்தால், இறந்தது எமான்சிபாடோ என்று அரசுக்கு எழுதி அனுப்புவார்கள். உயிரோடு இருக்கும் எமான்சிபாடோவுக்கு அந்த அடிமையின் பெயரைச் சூட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். சட்டம் விடுவித்த மனிதரைக் காகிதத்திலேயே கொன்று, காகிதத்திலேயே மறுபடி அடிமையாக்கினார்கள். 1824 முதல் 1860-களின் நடு வரை ஏறத்தாழ 26,000 பேர் இந்தப் பதிவேட்டில் ஏறினார்கள்.

இதை வெளியுலகுக்கு விரிவாகச் சொன்னவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் ராபர்ட் மேடன். டப்ளினில் பிறந்த மருத்துவர். 1833-34-இல் ஜமைக்காவில் சிறப்பு நீதிபதியாக இருந்து, அங்கே தோட்ட முதலாளிகளோடு மோதி வெளியேறியவர். 1836-இல் ஹவானாவுக்கு, விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கண்காணிப்பாளராக வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனும் ஸ்பெயினும் புதிய ஒப்பந்தம் செய்திருந்தன. அதன்படி கூடுதல் விலங்குகள், பெரிய தண்ணீர்ப் பீப்பாய்கள், மிகையான சமையல் கொப்பரைகள் ஆகியவை இருந்தாலே, உள்ளே ஒரு அடிமைகூட இல்லாவிட்டாலும் கப்பலைக் கைப்பற்றலாம். மீட்கப்பட்டவர்களைப் பிடித்த நாட்டிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

அதற்காக ‘ரோம்னி’ என்ற பழைய போர்க்கப்பலை பிரிட்டன் 1837-இல் ஹவானா துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிறுத்தியது. மீட்கப்பட்டவர்களை வேறு தீவுகளுக்கு அனுப்பும்வரை தங்கவைக்கும் மிதக்கும் விடுதி அது. காவலுக்கு மேற்கிந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் நின்றார்கள். ஹவானா ஆட்சியாளர்கள் கொதித்துப் போனார்கள். சீருடையும் துப்பாக்கியும் அணிந்த கறுப்பு மனிதர்களைத் தங்கள் அடிமைகள் பார்த்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. அந்தச் சிப்பாய்கள் நகரத்தில் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். சுதந்திரம் கண்ணுக்குத் தெரிவதே ஆபத்து என்று ஓர் அரசு பயந்தது.

மேடன் அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதும் ஆள் இல்லை. புதிதாக இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களை அடைத்து வைக்கும் கொட்டடிகளுக்கே போய்ப் பார்த்தார். அடிமையாகப் பிறந்த கவிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ மன்சானோவின் தன்வரலாற்றை ஆங்கிலமாக்கி 1840-இல் லண்டனில் வெளியிட்டார். ஹவானாவிலிருந்த அமெரிக்கத் தூதர் நிக்கலஸ் ட்ரிஸ்ட், அடிமைக் கப்பல்கள் அமெரிக்கக் கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் துணைபோகிறார் என்று பெயர் சொல்லிப் பகிரங்கமாக எழுதினார். ஒரு நாட்டின் அதிகாரி இன்னொரு நாட்டின் தூதரை அச்சில் குற்றம் சாட்டுவது அன்றைய ராஜதந்திர உலகில் பொறுக்க முடியாத செயல். 1841-இல் ட்ரிஸ்ட் அந்தப் பதவியில் இல்லை.

மேடனின் பெயர் இன்றும் நினைக்கப்படுவது ‘அமிஸ்டாட்’ வழக்கால். 1839 ஜூன் 28 அன்று 49 ஆண்களையும் நான்கு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஹவானாவிலிருந்து புறப்பட்ட அந்தச் சிறு கப்பலில், சில நாட்களில் கலகம் வெடித்தது. செங்பே பியே தலைமையில் ஆப்பிரிக்கர்கள் கப்பலைக் கைப்பற்றினார்கள். கிழக்கே, ஆப்பிரிக்காவை நோக்கி ஓட்டச் சொன்னார்கள். உயிரோடு விடப்பட்ட ஸ்பானியர்கள் இரவில் திசை மாற்றி ஏமாற்றினார்கள். இறுதியில் ஆப்பிரிக்கர்கள் அமெரிக்கக் கடற்படையிடம் சிக்கி, கனெக்டிகட் சிறையில் அடைபட்டார்கள். ஸ்பெயின் அவர்களைத் திருப்பிக் கேட்டது. அதிபர் வான் பியூரனின் அரசு அதற்கு உடன்பட்டது. தீர்ப்பு சாதகமாக வந்த உடனே, மேல்முறையீட்டுக்கு நேரம் தராமல் கியூபாவுக்கு ஏற்றிவிட ‘கிராம்பஸ்’ என்ற கப்பலை நியூ ஹேவன் துறைமுகத்தில் தயாராக நிறுத்தியும் வைத்தது.

ஹவானா ஆளுநரின் கையெழுத்தோடு இருந்த பயணச்சீட்டுகளில், இவர்கள் நெடுங்காலமாகக் கியூபாவில் வாழ்பவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆளுக்கொரு ஸ்பானியப் பெயரும் எழுதப்பட்டிருந்தது. மேடன் 1839 நவம்பரில் ஹார்ட்ஃபோர்ட் நகருக்கு வந்து வாக்குமூலம் தந்தார். அந்தச் சீட்டுகள் எப்படித் தயாராகின்றன, யாருக்கு எவ்வளவு போகிறது, இவர்கள் பேசும் மொழி என்ன என்று விளக்கினார். குழந்தைகளைப் பார்த்தாலே போதும். 1820-க்கு முன் கியூபாவுக்கு வந்திருக்க வேண்டுமென்றால் இவர்களுக்குக் குறைந்தது பத்தொன்பது வயதாகியிருக்க வேண்டுமே! எளிய கணக்கு. அந்தக் கணக்கைப் போட ஹவானாவில் எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

1841 மார்ச் 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் வாதாடியது பெரிதாகப் பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வழக்கு உருவானதே செங்பே பியே விலங்கைக் கழற்றியதால். அவர் கதையை நீதிமன்றம் கேட்க முடிந்தது, பிரிட்டிஷ் கப்பலில் மாலுமியாக வேலை பார்த்த ஜேம்ஸ் கவி என்ற மெண்டே இன இளைஞர் மொழிபெயர்த்ததால். அவரும் ஓர் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவர். உயிர் தப்பிய 35 பேர் 1842 ஜனவரியில் சியரா லியோன் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு வந்து ஹவானாவில் விற்கப்பட்ட மற்றவர்களுக்கு எந்தத் தீர்ப்பும் எட்டவில்லை.

அந்த மற்றவர்களைப் பற்றி யோசித்தவர் டேவிட் டர்ன்புல். ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் ‘டைம்ஸ்’ இதழின் செய்தியாளர். கியூபாவைச் சுற்றிப் பார்த்து 1840-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் முன்வைத்த யோசனை நேரடியானது. கப்பலைக் கடலில் துரத்துவதோடு நிற்காமல், தோட்டத்திலிருக்கும் எந்த ஆப்பிரிக்கரும் கூட்டு நீதிமன்றத்தின் முன் வந்து “நான் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டவன்” என்று முறையிட வழி வேண்டும். முறையிட்டதும், அவர் கியூபாவில் பிறந்தவர் அல்லது 1820-க்கு முன் வந்தவர் என்று நிரூபிக்கும் பொறுப்பு எஜமானனைச் சேர வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அவர் சுதந்திர மனிதர்.

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஸ்பெயின் ஏற்கெனவே கையெழுத்திட்டு, பணமும் வாங்கிக்கொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றினால் போதும். கருவூலத்தைத் தொடாமல், படை அனுப்பாமல், தீவின் வயலில் உழைக்கும் ஆப்பிரிக்கர்களில் பெரும்பகுதியினரை விடுவிக்கக்கூடிய யோசனை இது. கியூபாவின் 1841 கணக்கெடுப்பு 4,36,000 அடிமைகளைக் காட்டுகிறது. தோட்ட முதலாளிகளுக்கும் அதன் பொருள் உடனே விளங்கியது. ஹவானாவின் வணிக, வேளாண் அமைப்புகள் மாட்ரிட்டுக்கு எழுதிய அறிக்கைகளில், இது தீவின் அழிவு என்றார்கள். சொத்துப் பத்திரத்தைக் கேட்டாலே பொருளாதாரம் கவிழும் என்றால், அந்தச் சொத்து எந்த வழியில் வந்தது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகிறது.

வெளியுறவு அமைச்சர் பால்மர்ஸ்டன் 1840-இல் டர்ன்புல்லை ஹவானாவுக்கே தூதராக அனுப்பினார். நவம்பரில் அவர் போய் இறங்கிய நாளிலிருந்து ஸ்பெயின் அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லி நச்சரித்தது. டர்ன்புல் அசையவில்லை. எமான்சிபாடோக்கள் அவருடைய வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். தங்கள் ஐந்தாண்டுகள் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டன, யாரிடம் யார் விற்றார், யாருடைய பிள்ளைகள் பிடுங்கப்பட்டார்கள் என்று சொன்னார்கள். அவர் ஒவ்வொன்றையும் மனுவாக்கி ஆளுநர் ஹெரோனிமோ வால்டெஸிடம் அனுப்பினார். வால்டெஸ் அவரை வெறுத்தார். ஆனாலும் முந்தைய ஆளுநர்களைப் போல லஞ்சத்தில் புரண்டவர் இல்லை. காலம் முடிந்த எமான்சிபாடோக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அவர் காலத்தில் முழு விடுதலைச் சீட்டு கிடைத்தது. அடுத்து வந்த லியோபோல்டோ ஓடானல் அதை நிறுத்தினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டர்ன்புல் யாரையும் தேடிப் போய்க் காப்பாற்றவில்லை. தகரப் பெட்டியில் சான்றிதழைச் சுமந்துகொண்டு, பிடிபட்டால் சவுக்கடி என்று தெரிந்தும் தூதரகத்துக்கு நடந்து வந்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். ஒப்பந்தத்தில் தங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதைப் பரிசாக எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களாக அவர்களைச் சித்திரிப்பது பெரிய அநியாயம்.

டர்ன்புல்லுக்கு எதிரிகள் ஸ்பானியர் மட்டுமில்லை. ஹவானாவிலிருந்த பிரிட்டிஷ் வணிகர்களுக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அவர்கள் விற்ற துணிக்கும் இயந்திரத்துக்கும் பணம் அடிமைச் சர்க்கரையிலிருந்து வந்தது. கூட்டு நீதிமன்றத்தின் பிரிட்டிஷ் அதிகாரிகளே அவர்மேல் புகார் எழுதினார்கள். 1841-இல் லண்டனில் ஆட்சி மாறி அபர்டீன் பிரபு வெளியுறவு அமைச்சரானார். அதிகம் நெருக்கினால் கியூபா ஸ்பெயினிடமிருந்து நழுவி அமெரிக்காவின் கைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. தோட்டத்துக்குள் புகுந்து விசாரிக்கும் யோசனை கைவிடப்பட்டது. 1842-இல் டர்ன்புல்லிடமிருந்து தூதர் பதவி பறிக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி அவர் ‘ரோம்னி’ கப்பலில் தஞ்சம் புகுந்தார்.

ஆகஸ்டில் கியூபாவை விட்டு வெளியேறியவர், அதே ஆண்டு அக்டோபரில் பஹாமாஸிலிருந்து ஒரு சிறு படகில் திரும்பி வந்தார். பிரிட்டிஷ் காலனித் தீவுகளிலிருந்து கடத்தப்பட்டுக் கியூபத் தோட்டங்களில் விற்கப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது நோக்கம். உடன் வந்தவர்கள் சுதந்திரக் கறுப்பினத்தவர்கள். இறங்கியதும் கைது. கலகம் மூட்ட வந்தார் என்று குற்றம் சாட்டி, வால்டெஸ் அவரை நாடு கடத்தினார். லண்டன் பெரிதாகச் சண்டைக்குப் போகவில்லை.

ஒப்பந்த வழி மூடப்பட்டதும் அடிமைகள் வேறு வழியைப் பார்த்தார்கள். 1843 நவம்பரில் மத்தான்சாஸ் பகுதியின் டிரியும்விராட்டோ ஆலையில் கார்லோட்டா என்ற லுக்குமி இனப் பெண்ணும் தோழர்களும் எழுந்தார்கள். அவர் கொல்லப்பட்டார். (1975-இல் அங்கோலாவுக்குப் படை அனுப்பிய கியூபா, அந்த நடவடிக்கைக்கு அவர் பெயரையே வைத்தது.) அடுத்த ஆண்டு ஓடானல் அரசு பெரும் சதி ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்து வேட்டையில் இறங்கியது. ஏணியில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஸ்பானிய மொழியில் ஏணி என்ற சொல்லே அந்தக் கொடுமையின் பெயராயிற்று. அடிமைகளும் சுதந்திரக் கறுப்பினத்தவரும் ஆயிரக்கணக்கில் சிறைப்பட்டார்கள். பிளாசிடோ என்ற புகழ்பெற்ற கவிஞர் 1844 ஜூன் 28 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மேடன் மொழிபெயர்த்த மன்சானோவும் சிறைக்குப் போனார். சதியின் மூலவர் என்று ராணுவ விசாரணை குறிப்பிட்டது, தீவிலேயே இல்லாத டர்ன்புல்லை. ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டியதே கலகம் என்று அந்த ஆட்சி கருதியது.

மறு ஆண்டு ஸ்பெயின் அடிமை வாணிகத்துக்கு எதிராகத் தண்டனைச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் அதை வெற்றியாகக் கொண்டாடலாம். அதன் ஒன்பதாம் பிரிவு, தோட்டத்துக்குள் இருக்கும் அடிமை எங்கிருந்து வந்தவர் என்று விசாரிக்கக் கூடாது என்கிறது. டர்ன்புல் திறக்கச் சொன்ன கதவைச் சட்டம் போட்டே அடைத்தார்கள். 1854-இல் ஆளுநர் பெசுவேலா அந்தத் தடையை மீறித் தோட்டங்களைச் சோதிக்க உத்தரவிட்டார். சில மாதங்களில் அவருடைய பதவியே போயிற்று. கியூபாவுக்கு ஆப்பிரிக்கர்களைக் கடத்துவது 1867 வரை நடந்தது. அடிமை முறை 1886 அக்டோபரில்தான் முடிந்தது.

பிரிட்டனின் பங்கை இப்படி மறுப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ரோந்து போன கடற்படை ஏறத்தாழ 1,50,000 பேரைக் கப்பல்களிலிருந்து மீட்டது. சுமார் 1,600 மாலுமிகள் காய்ச்சலிலும் சண்டையிலும் மடிந்தார்கள். 1850-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரேசில் துறைமுகங்களுக்குள்ளேயே புகுந்து அடிமைக் கப்பல்களைப் பிடித்தன; அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பிரேசில் புதிய சட்டம் போட்டு வாணிகத்தை நிறுத்தியது. இவை உண்மைகள். அந்த மாலுமிகளின் உயிர்த்தியாகத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் அதே பிரிட்டன் 1846-இல் சர்க்கரை வரிச் சட்டத்தை மாற்றி, அடிமை உழைப்பில் விளைந்த கியூப, பிரேசில் சர்க்கரைக்கும் சொந்தக் காலனிச் சர்க்கரைக்கும் படிப்படியாக ஒரே வரி என்றாக்கியது. ஒரு கையால் கப்பலைப் பிடித்தது, மறு கையால் அந்தக் கப்பல் ஓடுவதற்கான விலையைக் கொடுத்தது. கியூபாவின் எல் கோப்ரே செம்புச் சுரங்கம் பிரிட்டிஷ் முதலீட்டில் இயங்கியது. அங்கே அடிமைகள் வேலை செய்தார்கள். 1843-இல் பிரிட்டிஷ் குடிமக்கள் வெளிநாட்டில் அடிமைகளை வாங்குவது குற்றமாக்கப்பட்டபோது, வாடகைக்கு எடுப்பது தடை செய்யப்படவில்லை. அந்த இடைவெளியில் புகுந்தது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட செயின்ட் ஜான் டெல் ரேய் சுரங்க நிறுவனம். பிரேசிலின் மோரோ வெல்யோ தங்கச் சுரங்கத்துக்கு 1845-இல் 385 அடிமைகளை 14 ஆண்டு வாடகைக்கு எடுத்தது. காலம் முடிந்ததும் அவர்களை விடுவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விடுவிக்கவில்லை. 1879-இல் ஜோவாகிம் நபூக்கோ பிரேசில் நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தும்வரை, பிரிட்டன் அடிமை முறையை ஒழித்து நாற்பதாண்டுக்கு மேலான பிறகும், ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் அவர்களை வைத்து வேலை வாங்கியது.

1833 அடிமை ஒழிப்புச் சட்டத்தின் 2 கோடி பவுண்டு இழப்பீட்டையும் சொல்லியாக வேண்டும். அது முழுக்க அடிமை உடைமையாளர்களுக்குப் போனது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. மாறாக, ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் 1838 வரை அவர்கள் பழைய எஜமானர்களுக்கே கூலியின்றி உழைக்க நேர்ந்தது. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் 2015-இல்தான் அடைந்து முடிந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த 1833 சட்டத்தில் தனியாக ஒரு செய்தி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகைப் பகுதிகளையும் இலங்கையையும் அது விலக்கி வைத்தது. தஞ்சையிலும் மலபாரிலும் நிலத்தோடு சேர்த்து மனிதர்கள் விற்கப்படுவதை 1819-லேயே கலெக்டர்கள் சென்னை வருவாய் வாரியத்துக்கு எழுதியிருந்தார்கள். கம்பெனி 1843-இல் கொண்டுவந்த சட்டம், நீதிமன்றங்கள் இனி அடிமை உரிமையை அங்கீகரிக்காது என்றது. வயலில் நின்ற பண்ணையாளுக்கு அதைப் போய்ச் சொன்னவர் யார்? கடனும் சாதியும் அவரை அதே வரப்பில் கட்டிப்போட்டிருந்தன. ஹவானாவில் ‘ரோம்னி’யிலிருந்து ஏற்றி அனுப்பப்பட்ட ஆப்பிரிக்கர்களையும் டிரினிடாட் போன்ற பிரிட்டிஷ் காலனிகள் கூலி ஒப்பந்தத்தோடுதான் வரவேற்றன. அதே தோட்டங்களின் ஆள் பசிதான் பின்னாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்களையும் கப்பலேற்றியது.

பிரேசிலுக்குத் திரும்பினால், அங்கே தூதர்களும் அடிமைப்பட்டவர்களும் சேர்ந்து எழுதிய இன்னோர் அத்தியாயம் இருக்கிறது. 1831 நவம்பர் 7 அன்று பிரேசில் நாடாளுமன்றம், இனி நாட்டுக்குள் கொண்டுவரப்படும் ஒவ்வோர் அடிமையும் சுதந்திர மனிதர் என்று சட்டம் செய்தது. பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தின் கட்டாயம் அது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சட்டவிரோதமாக இறக்கப்பட்டார்கள். பிடிபட்ட கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 11,000 பேர், கியூபாவில் போலவே, ‘சுதந்திர ஆப்பிரிக்கர்’ என்ற பெயரோடு கட்டாய உழைப்பில் தள்ளப்பட்டார்கள்.

1851-இல் ரியோவின் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அவர்களில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் தாங்களாகவே வந்து, தாங்கள் வந்த கப்பல், ஆண்டு, இப்போதைய எஜமானர் ஆகியவற்றைச் சொல்லிப் பெயர் பதிந்தார்கள். தூதர் ராபர்ட் ஹெஸ்கெத் பட்டியல் எடுத்தார். பிறகு தூதராக வந்த வில்லியம் கிறிஸ்டி, 1860-களின் தொடக்கத்தில் இந்த விவகாரத்தை விடாமல் கிளறினார். வேறு சச்சரவுகளும் சேர்ந்து 1863-இல் பிரேசில் பிரிட்டனோடு உறவையே முறித்துக்கொண்டது. கிறிஸ்டியின் முரட்டுத்தனத்தைக் கண்டிக்கப் பலர் இருந்தார்கள். ஆனால் மறு ஆண்டு, 1864 செப்டம்பரில், எஞ்சியிருந்த சுதந்திர ஆப்பிரிக்கர்கள் அனைவரையும் விடுவிக்கும் ஆணை வந்தது. பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

மீட்கப்பட்ட அந்தச் சிறுபான்மை போக, கரையிறக்கப்பட்டு விற்கப்பட்ட லட்சக்கணக்கானோருக்கு 1831 சட்டத்தை யார் எடுத்துக் கொடுத்தது? எந்த நாட்டின் வெளியுறவுத் துறையும் இல்லை. லூயிஸ் காமா என்ற மனிதர். 1830-இல் சால்வடோரில் சுதந்திர ஆப்பிரிக்கத் தாய்க்குப் பிறந்து, பத்து வயதில் கடனுக்காகச் சொந்தத் தந்தையாலேயே விற்கப்பட்டவர். பதினேழு வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றார். தான் சுதந்திரமாகப் பிறந்ததற்கான சான்றைத் தானே தேடி எடுத்து விடுதலை பெற்றார். சாவ் பாவ்லோவில் சட்டப் பட்டம் இல்லாமலே வழக்காடும் அனுமதி வாங்கி, எல்லோரும் செத்துப்போனதாக நினைத்த 1831 சட்டத்தை நீதிபதிகளின் மேசையில் எடுத்து வைத்தார். இந்த ஆப்பிரிக்கரின் வயது என்ன, எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், எந்த ஆண்டில் என்று கேட்டார். ஹவானாவில் டர்ன்புல் எஜமானர்களிடம் கேட்க விரும்பிய அதே கேள்விகள். காவல் துறையில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்ததற்காக 1869-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப் பிறகு முழுநேரமும் நீதிமன்றங்களிலேயே நின்றார். 1882-இல் அவர் இறப்பதற்குள் 500-க்கும் மேற்பட்டவர்களை விடுவித்திருந்தார். பிரேசிலின் வழக்கறிஞர் மன்றம் அவரை வழக்கறிஞர் என்று ஏற்றுக்கொண்டது 2015-இல்.